குற்றம் களைந்த கைகள்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் பெருந்தெருவிலே, கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியில், உயர்ந்த கோபுரமொன்று நிற்கின்றது. இத்தெருவை வகுத்தமைத்த ஆங்கிலேயப் பொறியியலாளர் கப்டன் டோசன் 1829 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் நினைவாக அக்கோபுரம் 1832 இல் எழுப்பப்பட்டது. டோசன் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாறையை உடைத்தவர் யார், மண்ணைச் சுமந்தவர் யார் என்பதை அக்கோபுரம் சொல்வதில்லை. தேசாதிபதி பார்ன்ஸ் காலத்தில் 'இராஜகாரியம்' என்னும் கட்டாய ஊழியத்தின் பேரில் திரட்டப்பட்ட கிராமவாசிகள் அவர்கள்.

கோபுரத்தைக் கடந்து பேராதனைத் திசையில் சென்று, பிலிமத்தலாவையில் தெற்கே திரும்பினால், கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கை என்னும் பழம்பெருங் கோயில்கள் மூன்றையும் காணலாம். மூன்றும் 14 ஆம் நூற்றாண்டின் கம்பளை அரசுக்குரியவை. எம்பக்கை தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்குரியது. அதன் முன்மண்டபத்து மரத்தூண்களில் பின்னிய அன்னங்களும், இருதலைப் புள்ளும், மல்லரும், ஆடும் மகளிரும், பிள்ளைக்குப் பாலூட்டும் தாயும் செதுக்கப்பட்டுள்ளனர். செதுக்கல்கள் 514 என்று எண்ணிச் சொல்வர். தூண்களைக் காட்டிலும் நம் சிந்தையைக் கவர்வது கூரையே. கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. அவை அனைத்தையும் பெரிய மர ஆணியொன்று தாங்கி நிற்கின்றது. 'மடொல் குருப்பாவ' என்று சிங்களத்தில் அதனைக் கூறுவர். இருபத்தாறு மரங்கள் ஒரு புள்ளியிற் சந்திக்குமிடத்து ஒன்றன் பளு மற்றொன்றைத் தள்ளும். ஒன்று நழுவினால் மற்றவையும் நிலை பெயரும். தச்சர் ஒருவர் எதிர்கொண்ட கணக்கு இது. விடையை அவர் மரத்திலேயே எழுதிவைத்தார். அவருடைய பெயரையும் மரபு காத்துவைத்திருக்கின்றது: தெல்மட தேவேந்திர மூலாச்சாரி.

இத்தனை சிறப்பு வாய்ந்த இம்மண்டபம் எதற்காக எழுந்தது? மேளம் முழக்குவதற்காக. மேளமண்டபம் என்பதே அதன் பெயர். மண்டபத்தைச் செய்தவரை மரபு அறிந்திருக்கின்றது. அம்மண்டபத்தில் ஒலித்த மேளங்களைச் செய்தவரை அறியவில்லை. மரத்தைக் குடைந்து, தோலைப் பதப்படுத்தி, வாரை இழுத்துக் கட்டி, பிழையாக ஒலித்ததைச் சரியாக ஒலிக்கச் செய்த அக்கைகள் எவருடையவை? இவ்வினாவை நாம் எழுப்புவது வெறும் பெயர் ஆசையால் அன்று. ஒரு சமுதாயம் எவ்வகை அறிவை அறிவென்று ஏற்றது, எவ்வகை அறிவைத் தீண்டாமல் ஒதுக்கியது என்னும் வரலாறு இவ்வினாவினுள் அடங்கியுள்ளது.

கண்டியரசில் நிலமே ஊழியத்தின் கூலி. அரசனுக்கோ கோயிலுக்கோ உரிய நிலத்தை உழுபவன் தன் குலத்துக்கு விதிக்கப்பட்ட ஊழியத்தைச் செய்தல் வேண்டும். மேளம் முழக்கும் ஊழியம் பெரவா குலத்தாருக்கு உரியதாயிற்று. சாதிப்படிநிலையில் அவர்கள் தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள். மேளவொலி இல்லாமல் தேவாலயத்தின் நாட்பூசை நடவாது, பெரஹராவும் புறப்படாது. ஆனால் அதனை முழக்குபவன் தாழ்ந்தவன்! கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832 இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டபோதும் கோயில் நிலங்களின் ஊழியம் நீங்கவில்லை. 1870 ஆம் ஆண்டின் ஊழிய நிலச் சட்டமே ஊழியத்துக்குப் பதிலாகப் பணம் செலுத்தும் வழியைத் திறந்தது. பணம் இல்லாதவனுக்கு அந்த வழி எத்துணை அகலமானது என்பதை வாசகர் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

கண்டிக் கைவினைஞரைப் பற்றி எழுத வந்தவருள் தலைசிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் அவருடைய பெருநூல் 1908 இல் வெளிவந்தது. ஆங்கில நாட்டுப் பொதுவுடைமையாளரும் கைவினைப் பற்றாளருமான வில்லியம் மொறிஸ் முன்பு பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. இயந்திரத்தின் முன்னே கைவினைஞன் அழிவதைக் குமாரசுவாமி கண்டார், நெஞ்சம் நொந்தார். அந்நோவு மெய்யானது. ஆனால் குலவழித் தொழிலின் அமைதியையே கண்ட அவர், அக்குலப்பிணைப்பு சிலருக்கு விலங்காக இருந்தமைக்கு அதே அளவு அழுத்தம் தரவில்லை. மொறிஸ் கைவினையைப் போற்றியபோது கைவினைஞனின் விடுதலையையும் உடன் வேண்டினார். இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

இனி, தமிழிலக்கியத்தின் பக்கம் திரும்புவோம். இசைக்கருவியிற் குற்றம் காணும் கலை நம்மவர்க்குப் புதியதன்று. சீவகசிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், தன் முன் நீட்டப்பட்ட யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாக விலக்கும் காட்சியை மாணவர் அறிவர். ஒரு யாழின் மரம் நீரில் நின்று இளகியது என்கிறான். ஒன்றன் மரம் வாள் வெட்டுண்டது என்கிறான். ஒன்று இடி விழுந்த மரம் என்கிறான். நரம்பின் முறுக்கை அவிழ்த்து, உள்ளே கிடந்த மயிரை எடுத்துக் காட்டவும் செய்கிறான். கற்பனைக் காவியமே எனினும், இக்குற்றங்கள் கற்பனையல்ல. நீரூறிய மரம் ஒலியை விழுங்கும், நாரறுந்த மரம் அதிர்வை முறையாகக் கடத்தாது, முறுக்கினுள் வேற்றுப்பொருள் கலந்தால் நரம்பின் பருமன் ஒரு சீராக இராது, சுருதி பிறழும். திருத்தக்கதேவர் யாழ் செய்யும் பட்டறையை நன்கறிந்தவரிடம் கேட்டிருத்தல் வேண்டும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் காவியத்தில் அவ்வறிவு முழுவதும் அரசிளங்குமரனின் செவிக்கு உரியதாகிவிடுகின்றது. குற்றத்தைக் கண்டவன் பாட்டிலே இருக்கிறான். குற்றத்தைக் களையத் தெரிந்தவன் இல்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் புறநானூற்றின் 82 ஆம் பாடல். போர்க்களத்து மன்னனின் விரைவுக்குப் புலவர் கண்ட உவமை, மழை பெய்யும் மாலைப்பொழுதில் கட்டிலைத் தோல்வாரால் பின்னும் தொழிலாளியின் கையூசி. ஊரிலே விழா, வீட்டிலே மனைவிக்கு மகப்பேற்று வேளை, அவன் கை பறக்கின்றது. எத்துணை நுட்பமான கண் அப்புலவருக்கு! ஆயினும் அத்தொழிலாளியைக் குறிக்க அவர் ஆளும் சொல் 'இழிசினன்' என்பது. கையை வியந்து, கைக்குரியவனை இழித்துரைக்கும் இவ்வழக்கம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது.

அக்கை என்னதான் செய்தது? அதனை அறிய மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். வலியதும் நுண்ணியதுமான அக்கருவியில் பிழை நேரக்கூடிய இடங்கள் ஏராளம்.

முதலில் கட்டை. பலாமரத்தைக் குடைந்து செய்வது வழக்கம். மரம் முற்றாகக் காயாமல் குடைந்தால் பின்னர் வெடிக்கும். சுவர் ஒருபுறம் தடித்து ஒருபுறம் மெலிந்தால் நாதம் சாயும். வாயின் விளிம்பு மட்டமாக இல்லாவிடில், எத்துணை நல்ல தோலை மாட்டினாலும் சுருதி ஒருசேர நில்லாது. இங்கேதான் அனுபவமற்றவன் தடுமாறுவான். அவன் தோலைப் பழிப்பான். வாரை இன்னும் இறுக்குவான். தொழில் தெரிந்தவன் தோலைக் கழற்றிவிட்டு, விளிம்பின்மேல் கையை ஓட்டிப் பார்ப்பான். மேடான இடத்தைச் சீவினால் நோய் தீர்ந்தது. கட்டையில் சிறு துளையோ பிளவோ இருப்பின் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைப்பான். பெரிதாயின் மரச்செருகு வைப்பான்.

அடுத்தது தோல். வலந்தலைக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் அடுக்காகச் சேரும். வெட்டுத்தட்டு, கொட்டுத்தட்டு, உட்கரைத்தட்டு என்று அவ்வடுக்குகளுக்குப் பெயர். இடந்தலையாகிய தொப்பிக்கும், இழுத்துக் கட்டும் வாருக்கும் எருமைத்தோல் வேண்டும். ஒரு விலங்கின் தோல் எங்கும் ஒரே தடிப்பாக இருப்பதில்லை. முதுகில் தடித்தும் வயிற்றில் மெலிந்தும் இருக்கும். முள் கிழித்த வடு, உண்ணி கடித்த புள்ளி எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். எந்த இடத்தை வெட்டி எந்தத் தலைக்கு வைப்பது என்ற தீர்ப்பு கண்ணாலும் விரலாலும் ஆவது. அளவுகோல் அதற்கு உதவாது.

தோல் ஏறியபின் சுருதி. மூட்டைச் சுற்றிப் பதினாறு கண்கள் உள. ஒரு கண்ணருகே தட்டினால் ஒரு சுருதி, எதிர்க்கண்ணருகே தட்டினால் சற்றே இறங்கிய சுருதி என்று பேசும் மிருதங்கம் மேடைக்கு உதவாது. கல்லும் புள்ளும் கொண்டு மூட்டைக் கீழ்நோக்கித் தட்டினால் அவ்விடம் ஏறும். மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். ஒரு கண்ணைத் திருத்தும்போது அதன் எதிர்க்கண்ணும் அசையும் ஆதலால், திருத்தம் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வரும். காற்றில் ஈரம் ஏறினால் தோல் ஈரத்தைக் குடித்துத் தளரும். மறுநாள் வேலை மீண்டும் தொடங்கும். மழை ஓயாத கண்டி மலைப்புறங்களில் தோற்கருவி வைத்திருப்போர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அனைத்திலும் அரியது கரணை இடுதல். கிட்டான் என்னும் கருங்கல்லைப் பொடித்து, வடித்த சோற்றோடு பிசைந்து, கொட்டுத்தட்டின் நடுவே சிறிது சிறிதாக இட்டு, வழுவழுப்பான கல்லால் தேய்த்து, ஓரடுக்கு காய்ந்தபின் மற்றோர் அடுக்கு என்று பல அடுக்குகள் இடுவர். நடு விலகினால் இருவேறு ஒலிகள் மயங்கும். மிகத் தடித்தால் சுருதி தாழ்ந்து நாதம் மந்தமாகும். தேய்க்குந்தோறும் காய்ந்த கரணையில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வலைபோற் படரும். புதிதாகப் பார்ப்பவர் பழுது என்று அஞ்சுவர். உண்மையில் அவ்வெடிப்புகளே கரணையை உயிர்ப்பிக்கின்றன. வெடிப்பற்ற கரணை கல்லைப் போல இறுகித் தோலின் அதிர்வை அடக்கிவிடும். தோலடுக்குகளுக்கிடையே நாணற்குச்சிகளைச் செருகுவதும் இவ்வகையானதே. கிட்டாரில் நரம்பு எங்கேனும் உரசி இரைந்தால் அது குற்றம்; மிருதங்கத்திலோ அளவறிந்து வைத்த உரசல் அழகு. குச்சி மிருதங்கம் என்றும், கல்மணல் இட்டதைக் கப்பி மிருதங்கம் என்றும் அதனைப் பெயரிட்டே வழங்குகின்றனர். எது குற்றம், எது குணம் என்று முடிவு செய்வதற்கே ஒரு தனி அறிவு வேண்டியிருக்கின்றது.

கரணை தீர்த்துவைத்த சிக்கல் எத்துணைப் பெரியது என்பதை விஞ்ஞானம் பின்னாளிலேதான் உணர்ந்தது. இழுத்துக் கட்டிய நரம்பு அதிரும்போது அதன் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் இருமடங்கு, மும்மடங்கு என்று முழுவெண்களில் அமையும்; ஆதலால் இனிமை பிறக்கும். வெறுந்தோல் அவ்வாறன்று. அதன் மேலொலிகள் 1.59, 2.14 என்று ஒழுங்கற்ற மடங்குகளில் நிற்கும். ஆதலால் அது முழங்குமே தவிர இசைக்காது. தோலின் நடுவே தக்க பாரத்தைத் தக்க பரப்பில் ஏற்றினால் இவ்வொழுங்கின்மை நீங்கும் என்பதை சி. வி. இராமனும் சிவகாளி குமாரும் 1920 இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். 1934 இல் இராமன் இதனை விரித்தெழுதினார்: மிருதங்கத் தோலின் ஒன்பது அதிர்வு முறைகளும் ஐந்து சுரங்களாகத் திரண்டு, நரம்புக்கருவி போல முழுவெண் ஒழுங்கில் அமைகின்றன. இராமன் அச்சிக்கலை விளக்கினார். அதனைத் தீர்த்தவர் அவருக்குப் பல நூற்றாண்டு முன்னரே, சோறும் கற்பொடியும் கையிலெடுத்து, இட்டும் சுரண்டியும் மறுபடி இட்டும் கேட்டுப் பார்த்தவர்கள். அளவையியலில் இதற்குப் பரிசோதனை என்றே பெயர்.

மேனாடுகளில் கருவி செய்தவர் நிலை எவ்வாறிருந்தது? கிட்டாரை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. பைலாப் பாட்டின் மூலமாக நம் நாட்டில் மூலைமுடுக்கெங்கும் பரவிய கருவி அது.

கிட்டாரின் முதற் சிக்கல் மெட்டு. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்படுகின்றன. பிழை தோன்றினால் மெழுகை இளக்கி, செவிக்கு ஒத்தவாறு நகர்த்தலாம். மேளம் கட்டுதல் என்று அப்பணியைக் கூறுவர். கிட்டாரின் மெட்டோ மரத்தை அறுத்து அடித்து இறக்கப்படுவது. ஒரு முறை அறுத்தபின் நகர்த்த வழியில்லை. ஆகவே கணக்கு முன்னரே வேண்டும். விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்ஸோ கலிலி 1581 இல் வெளியிட்ட நூலில், நரம்பின் எஞ்சிய நீளத்தைப் பதினெட்டாகப் பகுத்து ஒரு பங்கு தள்ளி அடுத்த மெட்டை வைக்கும் விதியைத் தந்தார். இவ்வாறு பன்னிரண்டு முறை செய்தால் நரம்பின் சரிபாதி வரவேண்டும், வருவதோ 0.5036. கணக்கிலே பிழை! ஆனால் விரலால் அழுத்தும்போது நரம்பு இழுபட்டுச் சுருதி சற்று ஏறுகின்றது அல்லவா? முதற்பிழை சுருதியை இறக்க, இரண்டாவது பிழை ஏற்ற, இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்தன. பின்வந்தோர் கணக்கைச் செம்மையாக்கினர். அப்போது அழுத்தத்தின் பிழை தனித்து நின்றது. அதற்காக நரம்பு தங்கும் எலும்புத்துண்டைச் சற்றே பின்தள்ளி வைக்கின்றனர். ஒன்றைத் திருத்தினால் மறைந்திருந்த மற்றொன்று வெளிப்படும் என்பது கருவிப் பட்டறைகளுக்கு மட்டும் உரிய விதியன்று.

எஞ்சிய திருத்தங்கள் நம்மவர் முறைகளுக்கு நெருங்கியவையே. நரம்பு கிடக்கும் வெட்டு ஆழமாகிவிட்டால் எலும்புத்தூளும் பசையும் இட்டு நிரப்பி மறுபடி வெட்டுவர். விரற்பலகை கருங்காலியாயின் கருங்காலித் தூளையே இட்டு அடைப்பர். முகப்பலகை பிளந்தால் உட்புறத்தில் குறுக்கே சிறு மரத்துண்டுகளை ஒட்டித் தைப்பதுபோல் பிணைப்பர். பழைய பட்டறைகளில் விலங்குத்தோலைக் காய்ச்சிய வச்சிரமே ஒட்டும் பொருள். வெப்பமும் ஈரமும் பட்டால் அது இளகும். ஆகையால் கழுத்து சாய்ந்த கிட்டாரைப் பிரித்து, கோணத்தைத் திருத்தி, மீண்டும் ஒட்டலாம். பிரிக்க முடியாதவாறு ஒட்டிவிடும் பசைகளும் இன்று வந்துள்ளன. அவ்வாறு ஒட்டிய மலிவான தொழிற்சாலைக் கிட்டார் பழுதுபட்டால் பெரும்பாலும் குப்பைக்கே போகின்றது. திருத்தும் கூலி அதன் விலையை விஞ்சிவிடுவதே காரணம்.

இன்றைய கிட்டாருக்கு உருவம் தந்தவர் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தொறெஸ் (1817-1892). அல்மேரியாவின் எளிய குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே தச்சுப் பட்டறை புகுந்தவர். யூலியான் அர்க்காஸ் என்னும் வாத்தியக்காரர் அவருடைய கிட்டாரைக் கேட்டு, இத்தொழிலிலேயே நிலைத்து நிற்குமாறு தூண்டினார். 1858 இல் செவில் நகரக் கண்காட்சியில் தொறெஸுக்குப் பதக்கம் கிடைத்தது. 1862 இல் அவர் செய்த சோதனை நம் கரணைக்காரரை நினைவூட்டுவது. முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, முகப்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்தார். கிட்டாரின் ஒலிக்கு முகப்பலகையே முதற்காரணம் என்பதை வாதத்தால் அன்றிப் பொருளாலேயே நிலைநாட்டினார். வறுமை அவரை விட்டபாடில்லை. இடையே பீங்கான் கடை வைத்தும் பிழைத்தார். எனினும் அவர் செய்த கிட்டாரின் துளைவழியே உள்ளே நோக்கினால் பெயர்ச்சீட்டைக் காணலாம். தொறெஸ் செய்தது என்று கருவியே சொல்லும்.

மேடையில் உருளும் மிருதங்கத்தில் அத்தகைய சீட்டு நம் கண்ணுக்குப் படுவதில்லை. வித்துவானின் பெயர் விளம்பரத்தில் இருக்கும். சபையின் பெயர் திரைச்சீலையில் இருக்கும்.

தமிழ்நாட்டில் மிருதங்கம் செய்வோருட் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்தவர்கள், பலர் கிறித்தவர்கள். தஞ்சாவூர் செபாஸ்டியன் வழியினர் அவர்களுட் புகழ்பெற்றவர். வாசிப்போரோ நெடுங்காலம் பெரும்பாலும் பிராமணரும் இசைவேளாளரும். தோலைத் தொட்டுப் பதப்படுத்துவது தீட்டு. அதே தோலை விரலால் வாசிப்பது வித்தை. பாலக்காடு மணி ஐயர் (1912-1981) மிருதங்கத்தின் நாதத்தைப் பற்றி ஓயாது சிந்தித்தவர். அவருக்காகப் பல்லாண்டு மிருதங்கம் செய்தளித்தவர் பர்லாந்து. வித்துவான் தன் செவிக்குப் படும் குறையைச் சொல்வார். அக்குறை மரத்திலா, தோலிலா, கரணையிலா, கட்டிலா என்று கண்டுபிடித்துத் தீர்ப்பது மற்றவர் பணி. அர்க்காஸும் தொறெஸும் போன்ற கூட்டுறவு இது. செவியும் கையும் இணைந்த அந்த உறவில்லாமல் நாம் இன்று கேட்கும் நாதம் பிறந்திராது. தொறெஸின் பெயரைக் கிட்டார் பயிலும் மாணவன் அறிகிறான். மிருதங்கம் பயிலும் மாணவருள் எத்துணைப் பேர் பர்லாந்தின் பெயரை அறிவர்?

இவ்வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்' என்னும் ஆங்கில நூலாக 2020 இல் வெளியிட்டார். தொழிலாளர் இல்லங்களுக்குச் சென்று, அவர் வாய்மொழியைக் கேட்டு எழுதிய நூல் அது. மாட்டுத்தோலைப் பற்றியும் சாதியைப் பற்றியும் அதிலிருந்து ஒரு பகுதி நாளிதழில் வெளியானதும், நூல் வெளியீட்டுக்கு முன்பு இசைந்திருந்த சென்னைக் கலாக்ஷேத்திரா நிறுவனம் அரங்கத்துக்கான அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறிடத்தில், ஆசிய ஊடகவியல் கல்லூரியில் நடந்தது. மிருதங்கம் ஒலிக்கும் அரங்கில் மிருதங்கத்தின் வரலாறு ஒலிக்க இடமில்லாமற் போயிற்று!

தொழிலுரிமைக்கு வேலியிடும் வழக்கம் ஐரோப்பாவிலும் இருந்தது. ஜேர்மனியின் மார்க்நொய்கிர்சன் நகரில் வயலின் செய்வோர் சங்கம், கிட்டார் செய்யும் உரிமை தமக்கே உண்டென்றும், மரப்பெட்டித் தச்சர் அதனைச் செய்தலாகாது என்றும் 1826 முதல் வழக்காடியது. அத்தச்சர் வழியில் வந்த கிறிஸ்தியன் பிரெடெரிக் மார்ட்டின் 1833 இல் கப்பலேறி அமெரிக்கா சென்றார். அவர் தொடங்கிய பட்டறை உலகப்புகழ் பெற்றது. சங்கத்தின் வேலியைக் கடல் கடந்து தாண்ட முடிந்தது. சாதியின் வேலி அத்தகையதன்று. அது கடலையும் கூடவே கடந்து வரும்.

அதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கடுகண்ணாவைக் கணவாயின் வழியே 1867 இல் கண்டிக்குப் புகையிரதம் ஏறியது. கோப்பியை இறக்கவே அப்பாதை இடப்பட்டது. அக்கோப்பித் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்தோருடன் தப்பும் வந்தது. வளைத்த சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டிய எளிய கருவி, மலைக்குளிரில் தளர்ந்துவிடும், வைக்கோலையோ சருகையோ கொளுத்தி, அந்த அனலில் காட்டித் தோலை இறுக்குவார்கள். எவ்வளவு காட்டினால் இறுகும், எவ்வளவு காட்டினால் கருகும் என்பது கையறிந்த கணக்கு. விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு ஆட்களை எழுப்பியது அந்தத் தப்பொலியே. காமன்கூத்துக்கும் சாவீட்டுக்கும் முழங்கியதும் அதுவே. துரையின் காலக்கணக்குக்கும் தொழிலாளியின் இன்பதுன்பத்துக்கும் ஒரே கருவி. ஆயினும் லயத்துக்குள்ளேயே தப்படிப்பவன் வேறாக வைக்கப்பட்டான்.

கை ஒதுக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு யாழ் ஒன்றே போதிய சாட்சி. காரைதீவில் பிறந்து இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய சுவாமி விபுலாநந்தர், தம் வாழ்நாளின் பல ஆண்டுகளை ஈந்து 'யாழ் நூல்' இயற்றினார். 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அது அரங்கேறியது; அடுத்த மாதமே அவர் மறைந்தார். சிலப்பதிகாரத்தின் சில அடிகளையும் உரையாசிரியர் கூற்றுகளையும் கணிதத்தையும் பௌதிகத்தையும் கொண்டு அவர் மறைந்துபோன கருவியை மீட்க முயன்றார். அத்தனை பெரும் உழைப்பு எதனால் வேண்டியதாயிற்று? செய்தவனின் மகன் செய்யாமல் விட்ட ஒரு தலைமுறை எங்கோ இருந்தது. நரம்பின் நீளத்தைப் பாட்டிலிருந்து கணக்கிடலாம். எந்த மரம் எப்போது வெட்டப்பட வேண்டும், தோற்போர்வை எவ்வளவு இறுக வேண்டும், இறுகாதபோது என்ன செய்ய வேண்டும் என்பவற்றைப் பாட்டு சொல்வதில்லை. சீவகன் விலக்கிய யாழ்களைத் திருத்தத் தெரிந்தவன் வாய்திறந்திருந்தால் சுவாமிகளின் சுமை பாதியாய்க் குறைந்திருக்கும்.

மிருதங்கம் இன்னும் அந்நிலையை அடையவில்லை. ஆனால் மாற்றங்கள் விரைகின்றன. எருமைவார் கட்டுக்குப் பதிலாக இரும்புத் திருகாணியும் பட்டையும் பூட்டிய மிருதங்கங்கள் வந்துவிட்டன. கல்லும் புள்ளும் வேண்டாம். திருகியைச் சுழற்றினால் சுருதி ஏறும், இறங்கும். நீண்ட பயணம் செய்யும் வித்துவான்களுக்கு இது பெரிய வசதி. தோலைத் தாமே மாற்றிக்கொள்ளவும் இயலும். கண்ணாடியிழைக் கட்டையும், செயற்கைத் தோலும் கூட முயன்று பார்க்கப்பட்டுள்ளன. வார் பிடித்து இழுத்து இழுத்து விரலும் தோளும் தேய்ந்த தொழிலாளிக்கு இம்மாற்றம் ஓய்வு தருமாயின் நாம் அதை வரவேற்கவே வேண்டும். பழமை என்னும் காரணத்துக்காக ஒருவன் உடல் நைய வேண்டும் என்று கேட்பவர் அந்த வாரை ஒருநாள் தாம் இழுத்துப் பார்க்கட்டும். ஆனால் அத்தொழிலாளியின் பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போகும்போது, தந்தையின் விரலில் இருந்த கணக்கை எந்தக் கல்லூரி கேட்டு எழுதி வைத்திருக்கின்றது? வாசிப்பவருக்குப் பட்டமும் பாடத்திட்டமும் உண்டு. செய்பவருக்கு அவை எங்கே?

திருகாணி பூட்டிய மிருதங்கத்திலும் கரணையைக் கையாலேயே இடுகின்றனர். சோற்றையும் கற்பொடியையும் பிசைந்து, விரலால் வைத்து, கல்லால் தேய்த்து, ஓரடுக்கு காயும்வரை காத்திருந்து, தட்டிக் கேட்டு, அதன் பின்னரே அடுத்த அடுக்கு.